பெட்டி மட்டும் போன கப்பல்

சென்னியப்பன். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரைத் திட்டுகிறான் இந்த ஆள் என்று நீங்கள் யோசித்துக்கொண்டு வரவேண்டாம். சென்னியப்பன் என் சகலை. என் வீட்டுக்காரி பாவாயியின் தங்கை சரோசாவைக் கட்டியவன். சென்னிமலையில் போர்வைக் கடை வைத்திருக்கிறான். எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் அவன். மற்றவர்கள் எல்லாம் அவனைப் பார்த்துச் செய்தவர்கள்.

நீங்கள் பெட்டியைத்தானே கேட்டீர்கள்? மடியில் வைத்திருக்கிறீர்களே, மேலே வைக்கலாமே என்றீர்கள். அப்புறம் கைப்பிடியில் தொங்குகிற இந்தக் கப்பல் படம் போட்ட அட்டையைப் பார்த்துவிட்டு, கப்பலில் போய் வந்தீர்களா என்றீர்கள். பெட்டி போய் வந்தது. நான் போகவில்லை. ஐந்து நாள் கடலில் சுற்றிவிட்டு வந்த பெட்டி இது. உள்ளே இருந்த வேட்டி மடித்த மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. அட்டையைப் பிய்த்து எறியுங்கள் என்கிறாள் பாவாயி. எதற்குப் பிய்ப்பது? எனக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்த அட்டைதான்.

திருச்செங்கோட்டில் இந்த பஸ்ஸில் ஏறும்போதே மணி எட்டேகால். ஈரோட்டில் இறங்கி சென்னிமலை பஸ் பிடிக்கவேண்டும். இன்றைக்கு அவன் பேரனுக்குக் காதுகுத்து. பாவாயி இரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டாள். வேலை கிடக்கிறதாம். "வந்தா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் காதுகுத்துக்காகப் போகவில்லை. ஒரு வார்த்தை வரவேண்டியிருக்கிறது. அதை வாங்கத்தான் போகிறேன்.

கதையைக் கேளுங்கள். சென்னியப்பன் மகன் மோகன்ராஜ் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். நல்ல பையன், நான் குறை சொல்லமாட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூட லீவு விட்டால் அவன் எங்கள் வீட்டில்தான் கிடப்பான், பாவாயி கையால்தான் சாப்பிடுவான். அந்த விசுவாசத்தில், "பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நாலு பேரும் வாங்க, சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிற கப்பல், ஐந்து நாள் கடலைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடும்" என்றான். கப்பல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறது. சனிக்கிழமையே வந்து அவன் வீட்டில் படுத்து எழுந்து போகலாம் என்று திருச்சியிலிருந்து நேராகப் போகிற விமானத்தில் சீட்டுப் போட்டிருந்தான்.

சனிக்கிழமை கிழக்கே சூலம். சிங்கப்பூர் கிழக்கேதானே இருக்கிறது? சொன்னேன். நான் சொல்லவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. பாவாயிகூட, "தயிர் ஒரு வாய் குடிச்சிட்டுப் பொறப்பட்டா சூலம் கழிஞ்சிருமுங்க" என்றாள். உள்ளூர்ச் சந்தைக்குப் போகிறவனுக்குத் தயிர் போதும். கடல் தாண்டுகிறவனுக்கு எவ்வளவு தயிர் வேண்டும்? நான் வரவில்லை, நீங்கள் மூன்று பேரும் போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அதற்காக அவர்கள் என்ன செய்தார்கள்? சீட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். நேராகப் போகிற விமானத்தில் நான்கு இடம் இல்லையாம். திருச்சியிலிருந்து கொழும்பு. கொழும்பில் இறங்கி வேறு விமானம். நடுவில் ஒரு மணி பத்து நிமிடம். ஒரு மணி பத்து நிமிடத்தில் ஒரு டவுன் பஸ்ஸிலிருந்து இன்னொரு டவுன் பஸ் மாறுவதே பெரிய பாடு. படித்தவன் மோகன்ராஜ். பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் அப்பன். யாராவது ஒருவன், பெரியவர் ஒருத்தர் வருகிறார், அவருக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று நினைத்தானா?

கொஞ்சம் இருங்கள், செல் அடிக்கிறது. அவன்தான். சென்னியப்பன் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். அடிக்கட்டும்.

நான் முப்பத்தாறு வருடம் சங்ககிரியில் லாரி செட்டில் வேலை பார்த்தவன். லோடு ஏற்றுவது, இறக்குவது, ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற்றுவது. நான்காம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஒன்று தெரியும். சரக்கு வண்டி மாறுகிற இடத்தில்தான் திருடன் இருப்பான், சோம்பேறி இருப்பான், எழுத்துக்கூட்டத் தெரியாதவன் இருப்பான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவன் சொன்னதை நம்பி டீ குடிக்கப் போனேன். நாற்பது மூட்டை ஜவ்வரிசி நாக்பூர் போகவேண்டியது கொச்சிக்குப் போய்விட்டது. முதலாளி என்னை மூன்று நாள் செட்டுக்கு வெளியே நிற்கவைத்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை, வெயிலில் சும்மா நிற்கவைத்தார். அன்றிலிருந்து சரக்கு ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் நான் வண்டி ஏறியதில்லை. இப்போதுகூட, காதுகுத்துக்குச் சீர் கொண்டுபோகிறேன், எவர்சில்வர் குடமும் தாம்பாளமும். சாக்கில் கட்டி பஸ் டிக்கியில் போட்டிருக்கிறது. கண்டக்டர் டிக்கியைப் பூட்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதே ஈரோடு பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை இப்படித்தான். சென்னிமலையில் மாமனாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னான். நானும் பாவாயியும் கிளம்பினோம். ஈரோட்டில் இறங்கினால், எங்கள் தகரப்பெட்டி பஸ் கூரைமேல் பத்து மூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சென்னிமலை பஸ் புறப்பட்டு நிற்கிறது. பாவாயி ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "பெட்டி கெடக்குது வாங்க, எங்கப்பன் மூஞ்சியப் பாக்கணும் வாங்க" என்கிறாள். பெட்டியை விட்டுவிட்டு எப்படி வருவது? அவளை இறங்கச் சொன்னேன். இறங்கினாள். பெட்டி வந்தது. அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. போனபோது மாமனாரைக் குளிப்பாட்டிவிட்டிருந்தார்கள். ஆனால் பெட்டி தொலையவில்லை, பாருங்கள். உள்ளே இருந்த ஒரு பொருள் குறையவில்லை. பாவாயி அன்றைக்கு என்னை ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவில்லை என்றால் என்ன அர்த்தம்? நான் செய்தது சரி என்றுதானே அர்த்தம்.

சரி, திருச்சிக்கு வருகிறேன். விமான நிலையத்தில் பெட்டிகளைப் போட்டார்கள். நான்கு பெட்டி. நான்குக்கும் சேர்த்துச் சீட்டைச் சென்னியப்பன் கையில் கொடுத்தாள் கவுண்டரில் இருந்த பெண். என் பெட்டிக்குச் சீட்டு அவன் கையில். செட்டில் ரசீது எவன் கையில் இருக்கிறதோ சரக்கு அவனுடையது. "என் சீட்ட எங்கிட்டக் குடு சென்னியப்பா" என்றேன். "நாலும் என் பேர்லதானுங்ணா ஒட்டிருக்குது, நமக்குள்ள என்னங்ணா உன்னுது என்னுது" என்று சிரித்தான். அவன் சிரிப்பே அப்படித்தான். போர்வை விற்கிறவன் சிரிப்பு. நான் மனதில் வைத்துக்கொண்டேன். விமானத்தின் படியில் நின்று நான்கு பெட்டியும் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனேன்.

கொழும்பில் இறங்கினோம். அவன் முன்னால் ஓடுகிறான். "வெரசா நடங்ணா, நேரமில்லீங்." ஏதோ சோதனை, அதைத் தாண்டி இன்னொரு நடை, கடைசியில் ஒரு கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தான். இங்கேதான் கூப்பிடுவார்கள் என்றான். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

"பொட்டி?" என்றேன்.

"அத அவிங்களே மாத்திருவாங்க."

"எவிங்க?"

"அதுக்குன்னு ஆளுக இருக்குதுங்ணா."

"ஆளுன்னா ஆரு? பேரு என்ன?"

சரோசா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, அவிங்க பேரெல்லாம் நமக்கெதுக்கு?" என்றாள். பேர் தெரியாத ஆளிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சிரிப்பு வரும். பாவாயி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தாள். நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. "உக்காருங்க. இந்த ஒருக்கா உக்காருங்க" என்றாள்.

ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தேன். பாவாயி என் முகத்தைப் பார்த்தாள். போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேன்.

எங்களோடு வந்த கூட்டம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் போனேன். பெட்டி எங்கே என்று கேட்டால் கீழே கீழே என்று கை காட்டுகிறார்கள். கீழே போனால் பெரிய வரிசை. ஊருக்குள் போகிறவர்கள் முத்திரை குத்திக்கொள்கிற இடமாம். நின்றேன். என் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என் காகிதத்தைப் பார்த்துவிட்டு யாரையோ கூப்பிட்டான். நீலச் சேலை கட்டிய ஒரு பெண் வந்தாள். நல்ல தமிழ், அவர்கள் ஊர்த் தமிழ்.

"ஐயா, நீங்கள் சிங்கப்பூர் போற ஆள் எல்லோ? இஞ்ச ஏன் நிக்கிறீங்கள்?"

"என் பொட்டி ஏறுறதப் பாக்கணும்மா."

"உங்கட பெட்டி தானாப் போகும் ஐயா."

"தானாப் போறதுக்கு அது என்ன மாடா? ஏத்துற ஆளு பேரச் சொல்லுங்க, நான் போயிடறேன்."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயோ, ஓடி வாங்கோ ஐயா" என்று என் தோளைத் தொட்டுத் திருப்பினாள். அவள் ஓடினாள். நான் நடந்தேன். தெரியாத ஊரில் ஓடினால் திருடன் என்று நினைப்பார்கள்.

போனால் கூடம் காலி. கதவைப் பூட்டிவிட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விமானம் அங்கேயேதான் நிற்கிறது, நகரவில்லை. அதன் வயிற்றுக்குள் சாமான் ஏறுகிறது, நம் ரைஸ்மில்லில் மூட்டை ஏறுகிற மாதிரி ஒரு பட்டையில். என் பெட்டிக்கு அடையாளத்துக்குச் சிவப்புத் துண்டு கட்டியிருந்தேன். அது ஏறியது. அதன் பின்னால் சரோசா பெட்டி. எண்ணினேன். நான்கும் சரியாக ஏறின. ஒரு நிமிடம் எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அதற்கப்புறம்தான், அந்த நான்கு பெட்டியோடு மூன்று பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உறைத்தது.

மறுபடியும் அடிக்கிறான். இருங்கள், எடுக்கிறேன். இல்லையென்றால் விடமாட்டான்.

ம். பள்ளிபாளையம் தாண்டியாச்சு. பாலத்துல நிக்குது. ஆமா, டிராபிக். எத்தன மணிக்கு? சரி. சரி.

ஈரோட்டில் நிற்கிறானாம். கேட்டீர்களா? ஒன்பது இருபதுக்குச் சென்னிமலை பஸ், கண்டக்டரிடம் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறானாம். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறானாம். பேரனுக்குக் காது குத்துகிற வீட்டில் தாத்தனுக்கு ஈரோட்டில் என்ன வேலை? ஊரார் பார்க்கவேண்டும், சகலைக்காக எப்படி நிற்கிறான் பார் என்று. பஸ்ஸை நிறுத்தத் தெரிகிறவனுக்கு அன்றைக்கு விமானத்தை நிறுத்தத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்று சரோசா பிற்பாடு ஒரு கதை சொன்னாள். சென்னியப்பன் கதவண்டை நின்றுகொண்டு அங்கே இருந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டானாம். அண்ணன் வராமல் நான் ஏறமாட்டேன், பொம்பளைகள் போகட்டும், நான் இருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றானாம். அப்போது பாவாயி சொன்னாளாம், "நீங்க ஏறுங்க தம்பி. அவரு பொட்டியோட வருவாரு. நான் இந்தவாட்டி எறங்கமாட்டேன்." சொல்லிவிட்டு அவள்தான் முதலில் உள்ளே போனாளாம்.

நம்புகிறீர்களா நீங்கள்? நாற்பத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள். நான் சாப்பிடாமல் அவள் ஒரு நாள்கூட இலையில் உட்கார்ந்ததில்லை. அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வருமா? அவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். தான் செய்த காரியத்தை அவள்மேல் ஏற்றிவிட்டான். லோடு ஏற்றுவது எனக்குத் தெரியாதா?

அன்றைக்குப் பகல் முழுக்க அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நீலச் சேலைப் பெண் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தாள். அவர்கள் சிங்கப்பூரில் இறங்கியதும் மோகன்ராஜ் அவள் செல்லில் கூப்பிட்டான். "பெரியப்பா, கவலப்படாதீங்க, கப்பல் நாளைக்கு மலேசியாவுல பினாங்குல நிக்கும், நாளைக்குக் காலைல உங்கள விமானத்துல அங்க கொண்டுவந்து சேத்தறேன், நானே வந்து ஏத்திவிடறேன்" என்றான். சென்னியப்பனும் பேசினான். குரல் கரகரவென்று இருந்தது. "வாங்ணா, நீங்க இல்லாம நல்லாவே இல்லீங்" என்றான்.

முடியாது என்றேன். பந்தி பாதி நடக்கும்போது போய் உட்காருகிறவன் யார்? கூப்பிடாமல் வந்தவன். நான் அப்படி உட்காருகிற ஆளா? திரும்பத் திருச்சிக்கே சீட்டுப் போடச் சொன்னேன். பாவாயியிடம் செல்லைக் கொடுக்கிறேன் என்றான் சென்னியப்பன். கொடுத்தான்.   கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் கேட்டது. அப்புறம், "அடுப்புமேல தொக்கு வெச்சிருக்கேன், கெடாது" என்றாள். அவ்வளவுதான்.

அந்தத் தொக்கைத்தான் அந்த வாரம் முழுக்கத் தின்றேன்.

இதைப் பாருங்கள். பெட்டியின் பக்கவாட்டுப் பையிலேயே வைத்திருக்கிறேன். இரண்டு படம். சரோசா கொடுத்தது. முதல் படம், கப்பலில் சாப்பிடுகிற இடம். மூன்று பேர் இருக்கிறார்கள், நான்கு நாற்காலி. காலி நாற்காலிக்கு முன்னால் தட்டு, கரண்டி, மடித்த துணி எல்லாம் இருக்கிறது பார்த்தீர்களா? ஐந்து நாளும் அங்கே வேறு யாரையும் உட்காரவிடவில்லையாம் சென்னியப்பன். பரிமாறுகிறவனிடம் சொல்லி ஒவ்வொரு வேளையும் தட்டு வைக்கச் சொன்னானாம். அதைப் பெருமையாகச் சொல்லுகிறாள் சரோசா. ஆள் இல்லாத இடத்தில் இலை போட்டு வைப்பது யாருக்கு? செத்தவனுக்கு. உயிரோடு இருக்கிற எனக்கு ஐந்து நாள் தெவசம் கொடுத்திருக்கிறான்.

இரண்டாவது படம் பாவாயி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் கடல். முடியெல்லாம் பறக்கிறது, ஒதுக்கக்கூட இல்லை. சிரிக்கிறாள். அவளுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு. சிரித்தால் கை வாய்க்குப் போய்விடும். கட்டிவந்த நாளிலிருந்து கை வைக்காமல் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இதில் பாருங்கள், இரண்டு கையும் கம்பியில் இருக்கிறது. சென்னியப்பன் என்ன சொல்லிச் சிரிக்கவைத்தான் என்று கேட்டேன். அவன் அன்றைக்கு வாந்தி எடுத்து உள்ளே படுத்துக் கிடந்தானாம், சரோசா சொல்லுகிறாள். படம் எடுத்தவள் சரோசா, அவள் என்ன சொன்னாள் என்றேன். "ஒண்ணுஞ் சொல்லல மாமா. அக்கா அதுபாட்டுக்குக் கடலப் பாத்துச் சிரிச்சுட்டிருந்துது" என்கிறாள். ஒன்றும் சொல்லாமல் யாராவது சிரிப்பார்களா? என்னவோ மறைக்கிறார்கள்.

ஏழு மாதம் ஆகிறது. நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால், "அண்ணா, தப்பு எம்மேல. ஒங்களப் பாதில விட்டுட்டு உங்க பொஞ்சாதியக் கூட்டிட்டுப் போனேன்" என்று ஒரு வார்த்தை. இதற்குள் மூன்று முறை வீட்டுக்கு வந்துவிட்டான். பழம் வாங்கி வந்தான். போர்வை கொண்டுவந்தான். "மனசுல வெச்சுக்காதீங்ணா" என்றான். மனதில் வைத்துக்கொள்ளாதே என்பதா வார்த்தை? அது எனக்குச் சொல்லுகிற புத்தி. தப்பு என் மேல் என்று அவன் வாய் திறக்கவில்லை.

இறங்குங்கள், இறங்குங்கள். ஸ்டாண்டு வந்துவிட்டது. நான் கடைசியில்தான் இறங்குவேன். நீங்கள் எங்கே, பெருந்துறையா? உங்கள் பஸ் இந்த ஓரத்தில்தான் வரும். கொஞ்சம் என்னோடு நில்லுங்கள். கண்டக்டர், டிக்கியைத் திறங்கப்பா, என் சாக்கு உள்ளே இருக்கிறது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்கிறான். குடிக்கட்டும். நான் நிற்கிறேன்.

அதோ. அந்த மூன்றாவது பஸ். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்து நிற்கிறானே, அவன்தான் சென்னியப்பன். கண்டக்டரோடு வாய்ச்சண்டை போடுகிறான் பாருங்கள். என்னைப் பார்த்துவிட்டான். கை ஆட்டுகிறான். வாங்ணா, வாங்ணா என்கிறான். ஆட்டட்டும்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது பாவாயி. அவளையும் கூட்டிவந்திருக்கிறான். பக்கத்து சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறாள், இங்கிருந்தே தெரிகிறது. சிவப்புத் துண்டு. என் துண்டு. இந்தப் பெட்டியில் கட்டியிருந்ததுதான். திரும்பிப் பார்க்கிறாளா? இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போகலாம்தான். முப்பது அடி இருக்கும். சாக்கு வரவேண்டாமா? இந்தக் கண்டக்டர் ஒரு டீயை இவ்வளவு நேரமா குடிப்பான்?

சென்னிமலை பஸ் கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். நகர்கிறது. அவள் இறங்குவாள், பாருங்கள். இப்போது இறங்குவாள்.

துண்டை எடுத்துவிட்டாள். யாரோ ஒரு பெண்பிள்ளை குழந்தையோடு உட்காருகிறாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள் பாவாயி.

அவன் இறங்கிவிட்டான். பஸ் ஓட ஓட இறங்கிவிட்டான் மடையன். கொழும்பில் இறங்கவேண்டியவன் ஈரோட்டில் இறங்குகிறான். இங்கேதான் வருகிறான். நீங்கள் போய்விடாதீர்கள், சாட்சிக்கு ஒருவர் வேண்டும். வந்து என்ன சொல்லுவான் தெரியுமா? அடுத்த பஸ் இருக்குதுங்ணா என்பான். பெட்டியைக் குடுங்ணா என்று கையை நீட்டுவான்.

நீட்டிவிட்டான் பார்த்தீர்களா? கையை நீட்டிக்கொண்டே வருகிறான். சிரித்துக்கொண்டே வருகிறான். வேர்த்துக் கொட்டுகிறது அவனுக்கு. கொடுக்கமாட்டேன். முதலில் அந்த வார்த்தை வரட்டும். வாயைத் திறக்கிறான், கேளுங்கள்.

"சாக்கு வந்துருச்சுங்ளாண்ணா?" என்கிறான்.

கேட்டீர்களல்லவா? அதுவா நான் கேட்ட வார்த்தை?